வாபஸ் இல்லை

பிப்ரவரி 23, ஞாயிறு. ரயிலில்

கோவில்பட்டியில் வண்டியைச் சரியான நேரத்துக்கு எடுத்தார்கள். முப்பத்தாறு வருஷம் பிளாட்பாரத்தில் நின்று அடுத்தவர்களுக்குப் பச்சைக்கொடி காட்டியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு பெட்டிக்குள் உட்கார்ந்து போகும்போதெல்லாம், வெளியே நிற்கிற ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து ‘இவர் கொடியைச் சரியாகப் பிடிக்கவில்லையே’ என்றுதான் தோன்றுகிறது.

பயண நோக்கம்: ஊர் பார்ப்பது. மைசூருக்கு அந்தப் பக்கம் பைலகுப்பே என்று ஓர் ஊர். அறுபது வருஷத்துக்கு மேலாகத் திபெத்தியர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். அவர்களுடைய புது வருஷப் பண்டிகை லோசார், வருகிற வெள்ளிக்கிழமை. மனிதன் நாலு இடம் பார்க்க வேண்டாமா?

என் மனைவி ஆவுடைத்தங்கத்தைக் கேட்டால் வேறு நோக்கம் சொல்வாள். மகள் செண்பகவல்லி மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறாள். அதே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் ஜிக்மே என்ற பையனைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறாள். பையன் திபெத்துக்காரன், பைலகுப்பேயில் பிறந்தவன். பொங்கலுக்கு வந்திருந்தவள் கரும்பைக் கடித்துக்கொண்டே இதைச் சொன்னாள். எனக்குப் பல் கூசியது.

“எனக்கு இந்த இடுப்ப வச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரம் வர முடியாது. நீங்க போய்ப் பாருங்க. எதுனாலும் எங்கிட்ட முதல்ல சொல்லுங்க. அங்க வச்சு வாயத் தொறந்துராதீங்க” என்று சொல்லி, இட்லிப் பொடியும் எள்ளுருண்டையும் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

நான் எந்த முடிவையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ரயில்வே பாஸில் திரும்பி வருவதற்கும் டிக்கெட் போட்டாயிற்று. மார்ச் 3, பெர்த் 17, 18.

பிப்ரவரி 24, திங்கள்

குஷால்நகர் பஸ் ஸ்டாண்டுக்கு வல்லியும் அந்தப் பையனும் வந்திருந்தார்கள். என் பெட்டியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டான். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

ஊர் அழகாகத்தான் இருக்கிறது. மக்காச்சோளம் அறுத்த காடுகள். வீட்டுக்கு வீடு கயிறு கட்டி, ஐந்து நிறத்தில் சின்னச் சின்னக் கொடிகள். அவர்களுடைய மந்திரங்களை அவற்றில் அச்சடித்திருக்கிறார்களாம், காற்று படித்துக்கொள்ளும் என்கிறான் பையன்.

பையனின் அம்மா பெயர் யாங்சென். வாசலுக்கே வந்து, “வாங்கண்ணே, வாங்க! வெயில்ல வந்திருக்கீங்க, உள்ள வாங்கண்ணே!” என்றார். நான் திகைத்துப் போனேன். அசல் மதுரைத் தமிழ். இருபத்திரண்டு வருஷம் குளிர்காலந்தோறும் மதுரையில் ஸ்வெட்டர் கடை போட்டிருக்கிறார். மதுரையில் யார் ஸ்வெட்டர் வாங்குவார்கள் என்று கேட்டேன். “கைப்புள்ளக்காரங்க, கொடைக்கானல் போறவங்க, மார்கழில பனி தாங்காத பெரிய ஆளுங்க. மருதைல குளிரே இல்லேன்னு சொல்றது மருதக்காரங்கதாண்ணே, வாங்குறதும் அவங்கதான்” என்றார்.

பிறகு ஒரு நீளமான வெள்ளைத் துணியை, பட்டு மாதிரி வழவழவென்று இருந்தது, இரண்டு கைகளிலும் ஏந்தி என் கழுத்தில் போட வந்தார். நம் ஊரில் வெள்ளைத் துணியை ஒருவர் மேல் எப்போது போடுவார்கள் என்று எழுத வேண்டியதில்லை. அந்த அம்மாளுக்குக் கணவரும் இல்லை, இறந்து ஐந்து வருஷம் ஆகிறதாம். நான் ஓர் அடி பின்னால் வந்துவிட்டேன். துணியை வாங்கி, நாலாக மடித்து, “இருக்கட்டும்மா, நீங்களே வச்சுக்கோங்க” என்று அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். மரியாதையாகத்தான் கொடுத்தேன், இரண்டு கையாலும்.

“ஓ” என்றார். துணியை அங்கியின் மடிப்புக்குள் செருகிக்கொண்டார். வல்லி தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனவள் பத்து நிமிஷம் வரவில்லை.

தேநீர் கொடுத்தார்கள். உப்பும் வெண்ணெயும் போட்டது. வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான், கஷ்டப்பட்டுக் குடித்து முடித்தேன். உடனே நிரப்பினார். அதையும் முடித்தேன். மறுபடி நிரப்பினார். ஏழு கோப்பை ஆயிற்று. கடைசியில் அந்தப் பையன்தான் காதருகே வந்து, “அங்கிள், போதும்னா கப்ப ஃபுல்லா அப்படியே விட்டுருங்க. காலியானா ஊத்திட்டே இருப்பாங்க” என்றான். இதை முதல் கோப்பையிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஒன்றைக் கவனித்தேன். வாசலில் வாய் நிறைய ‘அண்ணே’ என்றவர், அதற்குப் பிறகு ‘சார்’ என்கிறார். நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் என்று வல்லி சொல்லியிருப்பாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இன்று வீடு ஒழித்தார்கள். நம் போகியேதான். ஒட்டடைக் கம்பை நான் வாங்கிக்கொண்டேன், சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

பிறகு கப்சே என்ற பலகாரம் சுட்டார்கள். மாவை நாடா மாதிரி வெட்டி முறுக்கி எண்ணெயில் போடுவது. பெரிய பெரிய காது மாதிரியும் செய்கிறார்கள். கழுதைக் காது என்றே அதற்குப் பெயராம். யாங்சென் அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்து, “சார், சும்மாதான இருக்கீங்க” என்று ஜல்லிக்கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டார். ஆவுடைத்தங்கம் கேட்டால் நம்ப மாட்டாள். முப்பது வருஷத்தில் அவளுக்கு ஒரு முறுக்குத் திருப்பிப் போட்டதில்லை நான்.

காலையில் குளிருக்கு என் மெரூன் ஸ்வெட்டரைப் போட்டிருந்தேன். பத்து வருஷத்துக்கு முன் மதுரையில் வாங்கியது. ஒருவேளை இவர் கடையிலேயே வாங்கியிருப்பேனோ என்று ஒரு நப்பாசை. கேட்டேன். காலரைத் திருப்பிப் பார்த்து, நூலை விரலில் தேய்த்து, “இது எங்க சரக்கு இல்ல சார். இவ்ளோ மட்ட நூலு நாங்க வைக்க மாட்டோம். யாரோ உங்கள நல்லா ஏமாத்திருக்காங்க” என்றார். வல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

மாவு டிரம்முக்கு மூடியாக ஒரு பழைய பலகை கிடந்தது. திருப்பினால் தமிழ். ‘ஒரே விலை. விற்ற சறக்கு வாபஸ் இல்லை.’ மதுரைக் கடையின் போர்டாம். ‘சறக்கு’ என்று தப்பாக எழுதியிருக்கிறதே என்றேன். “இருபத்திரெண்டு வருசத்துல ஒருத்தரும் அதச் சொல்லல சார். வாபஸ் ஏன் இல்லன்னுதான் சண்டைக்கு வருவாங்க” என்றார்.

ஆவுடைத்தங்கத்துக்குப் போன் போட்டேன். கப்சே எப்படிச் சுடுவது என்று கால்மணி நேரம் சொன்னேன். “சரி, மாப்பிள எப்படி?” என்றாள். மாப்பிள்ளை கீப்பிள்ளை என்று பேசாதே, நான் ஊர் பார்க்க வந்தவன் என்றேன்.

பிப்ரவரி 26, புதன்

மகா சிவராத்திரி. விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த நாளில் எங்கள் ஊர்ப் பூவனநாதர் கோயிலில் இல்லாமல் இருந்ததில்லை. காலையிலேயே நான் விரதம், பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யாங்சென் அம்மாள் மறுபேச்சுப் பேசாமல், பூஜை அறை மாதிரி இருக்கும் அவர்கள் அறையில் ஒரு விளக்கை எனக்கென்று ஏற்றி, “உங்க சாமி பேர மனசுல சொல்லிக்கோங்க சார். வெளக்குக்கு யாரோட சாமின்னு தெரியாது” என்றார்.

முற்பகல் மடத்தில் முகமூடி நடனம். நீளமான கொம்புகளை இரண்டு பேர் தோளில் தாங்க, பின்னால் நிற்பவர் ஊதுகிறார். சத்தம் வயிற்றுக்குள் கேட்கிறது. மான் தலை, எருமைத் தலை, கோரைப்பல் முகங்கள். பழைய வருஷத்தின் தீமையையெல்லாம் மாவில் ஓர் உருவமாகப் பிடித்து வைத்து, கடைசியில் அதை வெட்டுகிறார்கள். கழுகுமலையில் சூரசம்ஹாரம் பார்த்தவனுக்கு இதில் ஒன்றுமே புரியாமல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து விளக்க வந்த ஜிக்மேக்கு நான்தான் விளக்கினேன். பாவம், பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

பொழுது சாய்ந்ததும் வீட்டில் ஒரு சடங்கு. ஒன்பது பொருள் போட்ட கஞ்சி, ‘குதுக்’ என்கிறார்கள். ஆளுக்கு ஒரு பெரிய மாவு உருண்டையும் வரும். அது தின்பதற்கு அல்ல. உடைத்தால் உள்ளே ஒரு பொருள் இருக்கும், அது உங்கள் குணம். விரதக்காரன் உருண்டையை உடைப்பதில் தோஷமில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஜிக்மேக்கு உப்பு வந்தது, சோம்பேறி என்று அர்த்தமாம். யாங்சென் அம்மாளுக்கு மிளகாய், வாயாடி. “இத உடைச்சுத்தான் தெரியணுமாக்கும்” என்று அவரே சொல்லிக்கொண்டார். வல்லிக்கு வெள்ளைக் கம்பளி நூல், இளகின மனசு.

எனக்குக் கரித்துண்டு.

மனசு கருப்பு என்று அர்த்தம். “முப்பத்தாறு வருஷம் ரயில்வேக்காரனா இருந்தவனுக்குக் கரி வராம வேற என்ன வரும்?” என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சட்டைப் பையில் இருந்த டிக்கெட் நெஞ்சில் குத்தியது. குத்தியது என்றுதான் எழுத வேண்டும்.

“போன வருசம் எனக்குத்தான் கரி. அது எல்லா வீட்டுக்கும் சுத்தி வரும் சார், பயப்படாதீங்க” என்றார் யாங்சென் அம்மாள்.

பிறகு கையளவு மாவைக் கொடுத்து, வலிக்கிற இடத்திலெல்லாம் தேய்க்கச் சொன்னார்கள். முழங்காலில் தேய்த்தேன். எல்லா மாவையும் ஒரு மாவு பொம்மையோடு சேர்த்து, வைக்கோல் பந்தம் கொளுத்தி வீடு முழுக்கக் காட்டி, ‘வெளியே போ, வெளியே போ’ என்று அவர்கள் பாஷையில் கத்திக்கொண்டு முச்சந்தியில் போட்டுவிட்டு வந்தார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாதாம். இதை எனக்கா சொல்ல வேண்டும்? பூசணிக்காய் சுற்றிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்த பரம்பரையா நாம்?

பிப்ரவரி 27, வியாழன். காலை

முழங்கால் வலி இல்லை. தற்செயல்.

பிப்ரவரி 27. மாலை

வல்லி என் பிரஷர் மாத்திரையை எடுக்கப் பையைத் திறந்திருக்கிறாள். சட்டையைத் துவைக்கப் போட்டபோது டிக்கெட்டை அந்தப் பையில்தான் வைத்திருந்தேன். மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் டிக்கெட்டையும் வைத்தாள். பெர்த் 17, என் பெயர். பெர்த் 18, செண்பகவல்லி, 27 வயது. ரயில்வே பாஸில் கல்யாணமாகாத மகளுக்கு எப்போதும் இடம் உண்டு.

“என்னயக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தீங்களாப்பா?”

“சும்மா போட்டு வச்சேன்மா. நாலு நாள் வீட்ல வந்து இருந்தா உனக்கும்...” என்று ஆரம்பித்தேன்.

“வாரேன்பா. டிக்கெட்ட வீணாக்க வேண்டாம்.”

கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். எனக்கு அது சுலபமாக வரும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “நீங்கதான் அன்னைக்கே சொல்லிட்டீங்களே.”

“நான் என்னளா சொன்னேன்? வந்ததுல இருந்து வாயே தொறக்கலயே.”

“வாசல்ல வச்சு அந்தத் துணியத் திருப்பிக் குடுத்தீங்கல்ல? அதுக்குப் பேரு கதா. மாப்பிள வீட்டுக்காரங்க பொண்ணோட அப்பாவுக்குப் போடுவாங்க. வாங்கிக்கிட்டா சம்மதம். திருப்பிக் குடுத்தா இந்தப் பேச்சு வேண்டாம்னு அர்த்தம். ஜிக்மே அம்மா உள்ள வந்து எங்கிட்ட, ‘வாபஸ் வந்துருச்சுமா, விடு. பண்டிகைக்கு வந்த மனுசர், நல்லா கவனிச்சு அனுப்புவோம்’ன்னாங்க.”

நான் உட்கார்ந்தேன். ஆக, நான் திருப்பிக் கொடுத்த பிறகுதான் இந்த அம்மாள் எனக்கு ஏழு கோப்பை தேநீர் ஊற்றியிருக்கிறார். சிவனுக்கு விளக்கு ஏற்றியிருக்கிறார். என்ன மனுஷி இவர்.

“எனக்குத் தெரியாதும்மா” என்றேன்.

“தெரிஞ்சிருந்தா வாங்கிருப்பீங்களா?”

மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி. லோசார்

விடியும் முன்பே யாங்சென் அம்மாள் குழாயடிக்குப் போய்ப் புது வருஷத்தின் முதல் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டில் வேறு யாரும் அதற்கு முன் தண்ணீர் தொடவில்லை. புது அங்கி, கழுத்தில் பவழ மாலை. பூஜை அறையில் கப்சேக் குவியல், பழங்கள், சின்னத் தொட்டியில் பச்சைப் பசேலென்று முளைத்த பார்லி. நம் முளைப்பாரி! இது எப்படி இங்கே வந்தது என்று தெரியவில்லை, ஆனால் ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷம்.

வறுத்த பார்லி மாவை அழகான மரப்பெட்டியில் குவித்து நீட்டினார்கள். ஒரு சிட்டிகை எடுத்து மூன்று தடவை மேலே தூவிவிட்டு, மிச்சத்தை வாயில் போட வேண்டும். ‘தாஷி தெலே’ என்று வாழ்த்த வேண்டும். என் மீசையெல்லாம் மாவு.

எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது யாங்சென் அம்மாள்தான். கணவர் இல்லாதவர் முதல் தண்ணீர் எடுக்கிறார், முதல் விளக்கு ஏற்றுகிறார், வருகிற சுமங்கலிகள் எல்லாம் அவரிடம் வாழ்த்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். எனக்குப் பர்வதம் அக்காவின் நினைவு வந்தது. என் கூடப் பிறந்தவள், முப்பத்து நாலு வயதில் கணவரை இழந்தவள். வல்லிக்குக் காது குத்தியபோது அக்கா பின்கட்டிலேயே நின்றாள். கூப்பிட வேண்டும் என்று மனம் இருந்தது, வாய் வரவில்லை. அன்று இந்த வாசலில் நான் பின்வாங்கியது வெறும் துணியைப் பார்த்து மட்டும் இல்லை. எனக்கே எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இன்று எல்லோர் கழுத்திலும் அந்த வெள்ளைத் துணி. சாமி படங்களுக்கு, இறந்த கணவரின் போட்டோவுக்கு, தூணுக்கு. ஜிக்மேயின் ஸ்கூட்டர் கண்ணாடியில்கூட ஒன்று கட்டியிருக்கிறார்கள்.

எனக்கு இல்லை. ஒரு தடவை வேண்டாம் என்றவனுக்கு மறுபடி எப்படிப் போடுவார்கள்?

மார்ச் 1, சனி

லோசார் இரண்டாம் நாள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். நாலு வீடு, நாலு நிறைந்த கோப்பை. தொடவே இல்லை, தேறிவிட்டேன்.

ஒரு வீட்டில் ஒரு பெரியவர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். யாங்சென் அம்மாள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். என்ன கேட்டார் என்று ஜிக்மேயிடம் விசாரித்தேன். தயங்கினான்.

“நீங்க யாருன்னு கேட்டாரு அங்கிள்.”

“உங்கம்மா என்ன சொன்னாங்க?”

“ஊர் பாக்க வந்தவருன்னு சொன்னாங்க.”

வந்ததிலிருந்து நான் சொன்னது அதைத்தான். அதையே அடுத்தவர் சொன்னதும் ஏன் இப்படி வலிக்கிறது? திரும்பும் வழியில் முழங்காலும் மறுபடி வலித்தது, நொண்டிக்கொண்டே வந்தேன். என் நடையைப் பார்த்துவிட்டு ஜிக்மே, வீடு வந்ததும் தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் வைத்துக்கொண்டு, முழங்காலை எப்படி மடக்கி நீட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். “ஊர்ல போய் தினமும் இருபது தடவ பண்ணுங்க அங்கிள். நிறுத்திராதீங்க.” நான் அவன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டுப் போகப் போகிறவன் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கை கொஞ்சமும் முரட்டுத்தனமாக அழுத்தவில்லை.

ஆவுடைத்தங்கத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். துணி, டிக்கெட், கரி, ஒன்று விடாமல். அவள் கேட்டுவிட்டு, “எனக்கு எப்பவோ தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“ஊரு பாக்கப் போன மனுசன் தெனமும் போன் போட்டு, அந்தம்மா இப்படிச் சொன்னாங்க, அந்தப் பையன் அப்படிச் செஞ்சான்னுதான சொல்லுதீங்க? ஒரு மலை பாத்தேன், ஒரு ஆறு பாத்தேன்னு ஒருநாளாச்சும் சொன்னீங்களா?”

“சரி, நீ என்ன சொல்லுத?”

“நான் என்னத்தச் சொல்ல? காலமெல்லாம் ஊரான் வண்டிக்குப் பச்சக்கொடி காட்டுனீங்க. பெத்த மகளுக்கு மட்டும் ஏன் கை வரமாட்டேங்கு?”

போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 2, ஞாயிறு

மூன்றாம் நாள் பழைய கொடிகளை அவிழ்த்துவிட்டு மொட்டை மாடியில் புதுக் கொடிகள் கட்டுவார்கள். வாசனைத் தழைகளைப் போட்டுப் புகை மூட்டியிருந்தார்கள். படியேறக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் ஏறினேன். கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி என் கையில் கொடுத்தார் யாங்சென் அம்மாள். நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள். பச்சை என் கைக்கு நேராக வந்தது. இதை ஆவுடைத்தங்கத்திடம் சொன்னால் தன் வாக்குப் பலித்தது என்பாள். சொல்ல மாட்டேன்.

முடிச்சுப் போட்டு முடித்ததும் கேட்டேன். “யாங்சென் அம்மா, மொத நாளு ஒரு துணி போட வந்தீங்கல்ல. அது எங்க?”

“எதுக்கு சார்?”

“எனக்கு வேணும்.”

“குளிருதா சார்? அந்த ஸ்வெட்டர் மட்ட நூலுன்னு நான்தான் அப்பவே சொன்னேன்ல.”

அந்தப் பக்கம் கயிறு கட்டிக்கொண்டிருந்த வல்லி அப்படியே நின்றுவிட்டாள். ஜிக்மே கையிலிருந்த மாவுத் தட்டைக் கீழே வைத்தான்.

“எங்க ஊர்ல வெள்ளத் துணி போடுறது வேற காரியத்துக்கும்மா. அர்த்தம் தெரியாமத் திருப்பிக் குடுத்துட்டேன்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொன்ன மாதிரி இருந்தது. “தெரிஞ்சிருந்தாலும் அன்னைக்குக் குடுத்துத்தான் இருப்பேன். பொண்ணக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். இப்ப நானா வாய் விட்டுக் கேக்கேன். குடுங்க.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு அங்கியின் மடிப்புக்குள் கையை விட்டார். அங்கேயே இருந்தது, நான் மடித்துக் கொடுத்த அதே நாலு மடிப்போடு. லோசாருக்குப் புது அங்கி மாற்றியவர், அதையும் எடுத்து மாற்றி வைத்திருக்கிறார்.

“நல்லா யோசிச்சுக்கோங்க சார். இந்தத் தடவ வாபஸ் இல்ல.”

“போர்டுலயே படிச்சுட்டேன். சறக்குதான் தப்பு. மத்ததெல்லாம் சரியா இருக்கு.”

“அப்ப குனிங்க சம்பந்தி” என்றார்.

குனிந்தேன். துணி கழுத்தில் விழுந்தது. பூ மாதிரி கனமே இல்லை. இந்த வார்த்தையை யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். “இருபத்திரெண்டு வருசம் மருதைல கட போட்டிருக்கேன். எத்தன சம்பந்தி சண்ட பாத்திருப்பேன்!” என்றார். “இத நான் இப்பத் திருப்பித் தரணுமா?” என்று நான் துணியைத் தொட்டதும், “ஐயையோ, கைய எடுங்கப்பா!” என்று வல்லி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

எல்லோரும் ஒரு பிடி மாவை எடுத்து, ‘லா க்யாலோ’ என்று கத்திக்கொண்டு வானத்தில் எறிந்தார்கள். தெய்வங்களுக்கே வெற்றி என்று அர்த்தமாம். நானும் பலமாகக் கத்தினேன். கண்ணில் மாவு விழுந்துவிட்டது.

மாவு இல்லை. என் டைரியில் எனக்கென்ன ஒளிவு மறைவு? அழுதேன்.

மார்ச் 3, திங்கள். ரயிலில்

மைசூருக்கு எல்லோரும் வந்து வண்டி ஏற்றிவிட்டார்கள். சம்பந்தி அம்மாள் ஒரு பையைத் திணித்தார். ஆவுடைத்தங்கத்துக்குக் கப்சே, எனக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர். “இதுதான் நூலு. போட்டுப் பாருங்க” என்றார். பர்வதம் அக்காவுக்கு என்று நான் கேட்டு வாங்கிய ஒரு கதாவும் அதில் இருக்கிறது. ஊருக்குப் போனதும் முதல் வேலை அதுதான். கல்யாணத்தில் அக்காதான் முன்னால் நிற்க வேண்டும்.

“அங்கிள், இருபது தடவ” என்று முழங்காலைக் காட்டினான் ஜிக்மே. “மாமான்னு கூப்பிடு” என்றேன். வண்டி நகர்ந்தது. சரியான நேரம்.

சற்று முன் டிக்கெட் பரிசோதகர் வந்தார். நம் பக்கத்துப் பையன், சாத்தூராம். பட்டியலைப் பார்த்தார். “பதினெட்டு, செண்பகவல்லி, வயசு இருபத்தேழு. உங்க மகளா சார்?”

“ஆமா தம்பி. வரல.”

“அடுத்த ஸ்டேஷன்ல ஏறுவாங்களா?”

“இல்ல தம்பி. இனிமே என் பாஸ்ல வரமாட்டா.”

அவர் காலியான பெர்த்தைப் பார்த்தார். பிறகு என் கழுத்தில் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. இழவு வீட்டில் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்தி, “ஐயா, துட்டிக்குப் போயிட்டா வாறீங்க?” என்று கேட்டார்.

“நிச்சயதார்த்தத்துக்குப் போயிட்டு வாறேன் தம்பி” என்றேன். “இது என் சம்பந்தி போட்டது.”

பையிலிருந்து ஒரு கழுதைக் காதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.